சொந்த நிலத்துக்குக் குத்தகை

இதை எழுதுகிறவன் எப்சிபாவை முதன்முதலாகக் கவனித்தது ஒரு பூசணிக்காய் ஏலத்தில்தான். கரிவலம்வந்தநல்லூருக்குத் தெற்கே இருக்கிற சின்ன ஊரின் சின்னக் கிறிஸ்தவக் கோயிலில் அன்றைக்கு அறுப்பின் பண்டிகை. அவரவர் நிலத்தில் முதலில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் வாசலில் ஏலம் விடுவார்கள். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் என்ற பேர் ஊருக்குள் அதற்குள் பரவியிருந்ததால், ஏலச் சிட்டை எழுத இவனை உட்காரவைத்திருந்தார்கள். பி.காம். படித்த கைக்கு அப்படி ஒரு மரியாதை. அந்த மிதப்பும் இல்லாமல் இல்லை.

பூசணிக்காய் ஐம்பது ரூபாயில் ஆரம்பித்தது. ஆயிரத்தைத் தாண்டியதும் மற்றவர்கள் கழன்றுகொண்டார்கள். ஆனால் சுந்தரராஜ் அண்ணாச்சி வாய் திறந்தால் பின்வாங்க மாட்டார் என்பது ஊருக்கே தெரியும். பின்வரிசையில் நின்ற இரண்டு பேர் சும்மா விளையாட்டுக்கு ஏற்றிவிட ஏற்றிவிட, அவரும் ஏறிக்கொண்டே போனார். கடைசியில் நாலாயிரத்து இருநூறு ரூபாய்க்கு அந்தக் காய் அவருக்கே விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பணம் கட்ட வந்தவர் அவர் மனைவி எப்சிபா. நாற்பது தாண்டிய, மெலிந்த உருவம். சிட்டையை எட்டிப் பார்த்துவிட்டு, அதை இரண்டு வரியாக எழுதச் சொன்னார். பூசணிக்காய் எண்பது ரூபாய், காணிக்கை நாலாயிரத்து நூற்றிருபது. சிட்டையில் அப்படி இரண்டு கட்டம் இல்லை என்று சொன்னதற்கு அவர் சொன்ன பதில் இது:

"ஒரே வரியா எழுதுனா அம்புட்டும் காய்க்குத்தான்னு இவுக நெனச்சிருவாக தம்பி. நாளைக்குச் சந்தையிலயும் அதே வெலைக்கு வாங்கிட்டு வந்து நிப்பாக."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுந்தரராஜும் சேர்ந்து சிரித்தார். அது சிரிக்க வேண்டிய விஷயமில்லை என்பதை இரண்டு வருஷம் கழித்து அவரே உட்கார்ந்து சொன்னார். மனைவியைப் பற்றிப் பேசும்போது அவருடைய குரல் தானாகத் தணிந்துவிடும். அவர் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறது.

எப்சிபா பிறந்தது குருவிகுளத்துக்கு அந்தப் பக்கம். மழை பெய்தால் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை என்கிற பூமி. அவருடைய அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு செண்டு நிலம் கிடையாது. மூன்று ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து உளுந்தும் சோளமும் போடுவார். களத்தில் விளைச்சல் குவிந்ததும், வீட்டுக்கு ஒரு மரக்கால் அளப்பதற்கு முன்னாலேயே, நிலத்துக்காரருக்கான மூட்டைகளைத் தனியாகச் சாய்த்து வைத்துவிடுவார்கள். சில வருஷம் வீட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. அந்த மூட்டைகள் மட்டும் ஒரு வருஷமும் தவறியதில்லை.

அங்கேயிருந்து வாக்கப்பட்டு வந்த இடத்தில் எட்டு ஏக்கர் தோட்டம். நடுவில் சுந்தரராஜின் தாத்தா வெட்டிய கிணறு. அதில் மோட்டார், மோட்டாருக்கு இலவச மின்சாரம். இந்த இணைப்பு ஒன்றுக்காக எத்தனையோ பேர் மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்காக வரிசையில் நிற்கிறார்கள். எப்சிபாவுடைய அப்பாகூட, கிணறு வெட்டிவிடலாம் என்ற நம்பிக்கையில், குத்தகை நிலத்துக்காரரைக் கெஞ்சி மனுப் போடவைத்தார். வரிசை வருவதற்குள் கண்ணை மூடிவிட்டார். சுந்தரராஜுக்கோ கிணறு என்பது கிழக்கே உதிக்கிற சூரியன் மாதிரி. பிறந்ததிலிருந்து அது அங்கேயே இருக்கிறது. அதைப் பற்றி நினைக்க என்ன இருக்கிறது?

கல்யாணமான வருஷம் மிளகாய் வற்றல் நல்ல விலைக்குப் போனது. வீட்டில் ஒரே சந்தோஷம். புதுப்பெண் மட்டும் இரண்டு நாள் ஒருமாதிரியாகவே இருந்துவிட்டு, மூன்றாவது நாள் மாமியாரிடம் மெல்லக் கேட்டிருக்கிறார்.

"அத்தே, குத்தகை வாங்க எப்ப வருவாக?"

மாமியார் சிரித்த சிரிப்பு நாலு வீடு கேட்டது. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. 'குத்தகைக்காரி' என்ற பட்டப்பெயர் அன்றைக்கு ஒட்டியது. சுந்தரராஜும் கூட்டாளிகளோடு சேர்ந்து அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். மாமனாரைப் பற்றிப் பேச்சு வந்தால், ஒங்க அப்பாவுக்கு வெவசாயம் தெரியல, அதான் ஒண்ணும் நிக்கல என்று மனைவியின் முகத்துக்கு நேராகவே சொல்வார். எப்சிபா பதில் சொல்ல மாட்டார்.

பத்து வருஷம் கழித்து சுந்தரராஜின் அப்பா இறந்தார். ஒரு பைசா கடன் வைக்கவில்லை. பிள்ளைகள் இரண்டு பேர். இளையவர் பிரவின்ராஜ் இன்ஜினியரிங் படித்துவிட்டுச் சென்னையில் வேலைக்குப் போய்விட்டார். நிலத்தைப் பாகம் பிரிக்கவில்லை. எட்டு ஏக்கரையும் சுந்தரராஜே பார்த்துக்கொண்டார். தம்பி லீவுக்கு வந்தால் ஒரு சாக்குத் தேங்காயும் கொஞ்சம் வற்றலும் காரில் ஏறும். அதற்கு மேல் யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த தை மாதம் எல்லாச் செலவும் போக ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கையில் நின்றது. அதுவரை அந்த வீட்டில் நின்றதிலேயே அதுதான் அதிகம். அப்பா இல்லாத முதல் வருஷத்திலேயே இப்படி என்று சுந்தரராஜுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சமயம் பார்த்துத்தான் எப்சிபா சொன்னார்.

"நம்ம நெலத்துக்கு நாம குத்தகை கட்டணும்."

"ஏட்டி, யாருக்கு?"

"நெலத்துக்கு."

சுந்தரராஜ் முதலில் இதை வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டார். எப்சிபாவோ ஏற்கெனவே அக்கம்பக்கம் போய் விசாரித்து வைத்திருந்தார். அந்த வருஷம் கிணற்றுப் பாசனமுள்ள தோட்டம் ஏக்கர் பன்னிரண்டாயிரத்துக்குக் குத்தகை போயிருந்தது. எட்டு ஏக்கருக்குத் தொண்ணூற்றாறாயிரம். அதை ஒரு மஞ்சள் பையில் தனியாக எண்ணிப் போட்டுவிட்டு, மீதி இருந்த பதினாலாயிரத்தைப் புருஷன் முன்னால் வைத்தார்.

"நாம ரெண்டு பேரும் வருஷம் பூரா ஒழச்சது இதுதான். மிச்சத்த ஒங்க தாத்தா வெட்டுன கெணறு சம்பாதிச்சிருக்கு."

சுந்தரராஜுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. குருவிகுளத்துக்காரன் மகள் எனக்கு விவசாயம் சொல்ல வந்துவிட்டாளா என்று கத்தினார். எப்சிபா அப்போதுதான், கல்யாணமாகி முதல் தடவையாக, அந்தப் பழைய பேச்சுக்குப் பதில் சொன்னார்.

"எங்க அப்பாவுக்கு வெவசாயம் நல்லாத் தெரியும். கெணறுதான் இல்ல."

நாலு நாள் அவர் மனைவியோடு பேசவில்லை. ஐந்தாவது நாள் காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொட்டியில் விழுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றதாகச் சொன்னார். நாற்பது வருஷமாக அந்தத் தண்ணீரில்தான் குளித்திருக்கிறார். அன்றைக்குத்தான் அது விழுகிற சத்தம் காதில் விழுந்ததாம்.

அதற்குப் பிறகு வருஷாவருஷம் தை மாதம் குத்தகை தனியாகப் போய்விடும். அக்கம்பக்கத்தில் என்ன விலை நடக்கிறதோ அதுவேதான் இவர்களுக்கும். ஒரு ரூபாய் கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. மழை தப்பிய வருஷம் குத்தகைக்குப் போதாமல் போனது. எப்சிபா சீட்டுப் பணத்தை எடுத்துப் போட்டு ஈடுகட்டினார். அவருடைய அப்பா இப்படி எத்தனை வருஷம் கட்டியிருப்பார் என்று சுந்தரராஜ் அன்றைக்கு நினைத்துக்கொண்டாராம்.

இப்படிக் குத்தகையைக் கழித்துப் பார்க்கத் தொடங்கியதும் வெள்ளாமையே மாறிப்போனது. பருத்தியில் நல்ல லாபம் என்று அந்தக் குடும்பமே இரண்டு தலைமுறையாக நம்பிக்கொண்டிருந்தது. ஐந்து வருஷம் பார்த்ததில் மூன்று வருஷம் பருத்தியால் குத்தகையைக்கூடத் தாண்ட முடியவில்லை. நிலம் சும்மா கிடைத்ததால்தான் அது லாபம் மாதிரித் தெரிந்திருக்கிறது. பருத்தியை நிறுத்திவிட்டு ஒன்றரை ஏக்கரில் எலுமிச்சை வைத்தார்கள். அரை ஏக்கரில் பிச்சிப்பூ. மற்றதில் மக்காச்சோளமும் காய்கறியும். ராயகிரியிலிருந்துகூட ஆட்கள் வந்து தோட்டத்தைப் பார்த்துவிட்டு அண்ணாச்சியின் கைராசியைப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொள்வார்.

குத்தகைப் பணம் அஞ்சலகத்தில் சேருகிறது என்பது அவருக்குத் தெரியும். எவ்வளவு என்று கேட்டுக்கொண்டதில்லை. அது எடுக்கக்கூடாத பணம் என்ற எண்ணம் அவருக்குள்ளும் ஊறிவிட்டிருந்தது.

போன வருஷத்துக்கு முந்தின மே மாதம் பிரவின்ராஜ் ஊருக்கு வந்தார். சென்னையில் ஒரு ஃபிளாட் பார்த்திருந்தார். தன் பாகத்தைப் பிரித்துக் கொடுத்தால் விற்றுவிடலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். கேட்டதில் தப்பில்லை, பாதி நிலம் அவருடையது. சங்கரன்கோவிலில் கட்டுமானச் சாமான் கடை வைத்திருக்கிற முகம்மது அர்ஷத் வாங்கத் தயாராக இருந்தார். மெயின்ரோட்டை ஒட்டிய நாலு ஏக்கர், கிணற்றில் பாதிப் பாத்தியதையோடு. ஏக்கருக்குப் பன்னிரண்டு லட்சம் என்றார்.

பேச்சு தரகர் வீட்டில் நடந்தது. அப்பா சொத்து வெளியாள் கைக்குப் போகிறது என்ற நினைப்பையே சுந்தரராஜால் தாங்க முடியவில்லை. பன்னிரண்டு என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் வாய் தானாகப் பதின்மூன்று என்றது. அர்ஷத் பதின்மூன்றரை என்றார். இவர் பதினாலு என்றார். அர்ஷத்தும் பதினாலுக்குச் சம்மதம் என்றதும் இவர் பதினைந்தில் போய் நின்றார். எதிரில் இருப்பது பூசணிக்காய் இல்லை, நாலு ஏக்கர் நிலம் என்பதெல்லாம் அந்த நேரம் உறைக்கவில்லை. அர்ஷத் சிரித்தபடி எழுந்துகொண்டார். சொந்த மண்ணுக்கு ஆசைப்படுகிறவரோடு தனக்குப் போட்டி இல்லை, அண்ணாச்சியே எடுத்துக்கொள்ளட்டும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜெயித்தவர் மாதிரி வீட்டுக்கு வந்தார் சுந்தரராஜ். எப்சிபா, எம்புட்டு என்று மட்டும் கேட்டார். அறுபது லட்சம் என்றதும் சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

மூன்றாம் நாள் இரண்டு பேரும் சங்கரன்கோவிலுக்குப் பேருந்து ஏறினார்கள். ஒரு ஃபைனான்ஸ் ஆபீஸில், தம்பியின் நாலு ஏக்கரோடு இவருடைய நாலு ஏக்கரையும் கிணற்றையும் சேர்த்து அடமானம் எழுதினால் அறுபது லட்சம் தருகிறோம் என்றார்கள். நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி. ஒரு வருஷத்து வட்டி எவ்வளவு என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி எப்சிபா வாங்கிக்கொண்டார். பேருந்து நிலையத்து டீக்கடையில் உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

"இப்ப நம்ம பக்கம் ஏக்கர் குத்தகை எம்புட்டு?"

"பதினெட்டாயிரம்."

"நாலு ஏக்கருக்கு?"

"எழுவத்திரெண்டாயிரம்."

எப்சிபா அந்தத் தாளை நீட்டினார். ஏழு லட்சத்து இருபதாயிரம் என்று எழுதியிருந்தது.

"பத்து மடங்கு. எழுவத்திரெண்டாயிரத்துக்குக் குத்தகைக்குக் கெடைக்கிற நெலத்துக்கு நீங்க வருசம் ஏழு லட்சம் கட்டப்போறிய. ரெண்டாம் வருசமே எட்டு ஏக்கரும் கெணறும் அவுக கைக்குப் போயிரும். அப்புறம் நானும் எங்க அப்பா மாதிரி அடுத்தவுகளுக்கு மூட்டையச் சாய்ச்சு வைக்கணும்."

சுந்தரராஜ் டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நாலு பேர் முன்ன சொன்ன சொல்லு என்னாவுறது?"

"தம்பிட்ட நான் பேசுதேன். நீங்க பக்கத்துல மட்டும் இருங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். எப்சிபா உள்ளேயிருந்து இரண்டு அஞ்சலகப் புத்தகங்களைக் கொண்டுவந்தார். ஒன்றின் அட்டையில் பென்சிலால் 'தம்பி' என்று எழுதியிருந்தது. அதை எடுத்துப் பிரவின்ராஜின் கையில் கொடுத்தார். ஒன்பது லட்சத்துப் பதினாலாயிரம் இருந்தது. பதினொரு வருஷமாக அவருடைய நாலு ஏக்கருக்கு உண்டான குத்தகையும் அதன் வட்டியும்.

இரண்டு புத்தகம் இருப்பதே சுந்தரராஜுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவருக்குப் பொறுக்கவில்லை. இவனைப் படிக்க வைத்ததே இந்த நிலம்தானே, இவனுக்கு எதுக்குக் குத்தகை என்று கேட்டேவிட்டார். படிக்க வைத்தது மாமா, அது மாமாவோட கணக்கு, உழுதது நாம, இது நம்ம கணக்கு என்று எப்சிபா சத்தம் போடாமல் சொன்னார்.

பிரவின்ராஜ் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் குத்தகைன்னு ஒண்ணும் கேக்கவே இல்லையே மதினி."

"கேக்கலன்னா நெலம் ஒங்களோடது இல்லாமப் போயிருமா தம்பி?"

பிறகு எப்சிபா தான் சொல்ல வந்ததைச் சொன்னார். பதினைந்து லட்சம் கொடுக்க எங்களால் முடியாது. ஒங்க அண்ணன் ஆசையில் சொல்லிவிட்டார். நிலத்தை அர்ஷத்துக்கே கொடுங்கள். ஆனால் பாகப்பிரிவினையில் கிணறும் மோட்டாரும் மின் இணைப்பும், கிணற்றுக்குப் போகிற பாதையும் முழுசாக எங்கள் பக்கம் வர வேண்டும். தண்ணீர் இல்லாத நிலம் என்றால் அர்ஷத் தான் சம்மதித்த பதினாலில் ஏக்கருக்கு இரண்டு லட்சம் குறைப்பார், பன்னிரண்டுதான் தருவார். நாலு ஏக்கருக்கு எட்டு லட்சம் ஒங்களுக்கு நஷ்டம். அதை நாங்கள் தருகிறோம்.

இன்னொரு புத்தகத்தை நீட்டினார். அது இவர்களுடைய நாலு ஏக்கர் கட்டிய குத்தகை. அதிலும் அதே ஒன்பது லட்சத்துச் சொச்சம்.

பிரவின்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. கிணற்றைச் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு அந்த எட்டு லட்சம் வேண்டாம் என்றார். எப்சிபா ஒப்புக்கொள்ளவில்லை.

"வேண்டாம் தம்பி. சும்மா வந்ததாலதான் அதோட வெல என்னன்னு ஒங்க அண்ணனுக்கு நாப்பது வருசமாத் தெரியல. இனிமேயாவது நாங்க வாங்குன கெணறா இருக்கட்டும்."

இதைச் சொல்லும்போது சுந்தரராஜ் இன்னொன்றும் சொன்னார். ஒரே வீட்டில் இருபது வருஷமாக இருந்தும், தான் யாரோடு இருக்கிறோம் என்று தனக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததாகச் சொன்னார். கோயிலில் நிற்பது மாதிரி இருந்ததாம். உட்காரத் தோன்றவில்லை.

மறுநாள் அவரே தனியாக அர்ஷத்தின் கடைக்குப் போனார். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குவது அவருக்கு அதுதான் முதல் தடவை.

"பதினஞ்சுன்னு சொன்னது வாய் பாய். கை இல்ல."

"எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி. கை பேசுனா இம்புட்டு வேகமா ஏறாது. ஒக்காருங்க, டீ சொல்லுதேன்."

கிணறு இல்லாமல் நிலம் மட்டும் என்பதை ஒளிக்காமல் சொன்னார். அர்ஷத் யோசித்துவிட்டுப் பன்னிரண்டு என்றார். அவருக்கு வெள்ளாமை செய்கிற எண்ணமில்லை. ரோட்டோரத்து இடம், பிள்ளைகள் காலத்துக்கு இருக்கட்டும் என்ற கணக்கு. பத்திரம் எழுதுகிற சண்முகையா, கிணற்றையும் பாதையையும் தனித்தனியாக அளந்து, நாலு எல்லையும் குறித்து எழுதிக் கொடுத்தார். ஆடி பிறப்பதற்கு முன்னால் பாகப்பிரிவினையும் கிரயமும் பதிவாகிவிட்டன.

பத்திர ஆபீஸ் வாசலிலேயே எப்சிபா அர்ஷத்திடம் அடுத்த பேச்சை எடுத்தார். நிலத்தைச் சும்மா போட்டால் முள் மண்டிவிடும், தனக்கே குத்தகைக்கு விட வேண்டும் என்றார். அர்ஷத் மகிழ்ந்துபோய் எவ்வளவு என்று கேட்டார். ஏக்கருக்கு ஒன்பதாயிரம் என்றார் எப்சிபா.

"என்னம்மா, ஒங்க பக்கம் பதினெட்டாயிரம்லா?"

"அது தண்ணியுள்ள நெலத்துக்கு பாய். ஒங்க நெலத்துல தண்ணி இல்லியே."

அர்ஷத் சுந்தரராஜைப் பார்த்தார். சுந்தரராஜ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அர்ஷத் பத்திரக் கட்டால் நெற்றியில் தட்டிக்கொண்டு சிரித்தார். அங்கேயே பேச்சு முடிந்தது.

அன்று சாயங்காலம் எப்சிபா நோட்டை விரித்துப் போட்ட கணக்கைச் சுந்தரராஜ் எட்டிப் பார்த்திருக்கிறார். அந்த நாலு ஏக்கருக்கு இதுவரை ஏக்கர் பதினெட்டாயிரம் குத்தகை எழுதிவந்தார். இனிமேல் ஒன்பதாயிரம் அர்ஷத்துக்கு. தண்ணீருக்கான ஒன்பதாயிரம் தங்கள் அஞ்சலகப் புத்தகத்துக்கு. கூட்டினால் அதே பதினெட்டு. குடும்பத்தின் பாதி நிலம் அன்றைக்கு வேறொருவருக்குச் சொந்தமாகிவிட்டது. ஆனால் மறுநாள் காலையில் எலுமிச்சைக்கு எப்போதும் போலத் தண்ணீர் பாய்ந்தது.

கல்லூரியில் இந்தக் கணக்குக்கு ஒரு பெயர் சொல்லிக்கொடுத்தார்கள். சொந்த முதலுக்கும் ஒரு விலை உண்டு, அதைக் கழிக்காமல் லாபம் பார்க்கக் கூடாது என்று மூன்று பக்கம் எழுதி இதை எழுதுகிறவனும் நல்ல மார்க் வாங்கியிருக்கிறான். அதைப் பதினொரு வருஷம் மஞ்சள் பையில் எண்ணிப் போட்டவர் ஒருவர் இரண்டு தெரு தள்ளி இருந்தது அப்போது தெரியாது.

இப்போது எப்சிபாவுக்கு நாற்பத்தைந்து வயது. சொந்தமாக நாலு ஏக்கரும் ஒரு கிணறும், அர்ஷத்திடம் குத்தகைக்கு எடுத்த நாலு ஏக்கரும் பார்க்கிறார். கடன் இல்லை. பிரவின்ராஜ் சென்னையில் புது ஃபிளாட்டுக்குக் குடிபோய்விட்டார். வாரத்தில் மூன்று நாள் காலை ஆறு மணிப் பேருந்தில் பிச்சிப்பூக் கூடையோடு எப்சிபா சங்கரன்கோவில் பூச்சந்தைக்குப் போகிறார். சுந்தரராஜ் தோட்டத்தில் எலுமிச்சை பறிக்கிறார்.